ஒட்டு விடாத கூரை

எங்கள் பாஸுக்குக் கடல் என்றால் சுட்ட மீன். அதைத் தாண்டி அவர் கடலைப் பற்றி யோசித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் சிப்பியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சனிக்கிழமை கோலாலம்பூரில் ஏதோ ஓட்டலில் கருத்தரங்காம். நல்ல சாப்பாடு போட்டிருக்கிறார்கள், கூடவே கொஞ்சம் அறிவையும் பரிமாறி அனுப்பிவிட்டார்கள். இரண்டில் எது அவருக்குச் செரித்தது என்பது போகப் போகத் தெரிந்தது.

எங்களுடையது புக்கிட் பெருந்துங் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனி. பிசினில் நனைத்த தாள்களை அடுக்கி, சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, கெட்டிப் பலகையாக்கி விற்போம். சமையல் மேடை, அலுவலகத் தடுப்பு, பஸ்ஸின் உள்பக்கம் என்று எதற்கெல்லாமோ போகும். நான் பதினோரு வருடமாக அங்கே டெஸ்ட் ரூமில் இருக்கிறேன். பொருள் அறிவியல் படித்தவள். நான்கு வருடம் படித்துவிட்டுப் பதினோரு வருடம் பலகையின் தடிமனை அளந்துகொண்டிருந்தேன்.

பாஸ் சொன்னதில் பாதி சரிதான். சிப்பியின் உட்புறம் பளபளவென்று இருக்கிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கு நெருங்கிய சொந்தம். அதைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சில்லுகளாக்கி, செங்கல் சுவர் மாதிரி ஒன்றின் இணைப்புக்கு மேலே இன்னொன்றின் நடு வரும்படி அடுக்கி, இடையில் மெல்லிசாக ஒரு மிருதுவான பசையைப் பூசி வைத்திருக்கிறது அந்தப் பிராணி. அடி விழும்போது பசை கொஞ்சம் இழுபடும், சில்லுகள் கொஞ்சம் நகரும். விரிசல் நேராக ஓட வழியில்லாமல் ஒவ்வொரு சில்லையும் சுற்றிச் சுற்றி அலைந்து ஓய்ந்துபோகும். நகர்ந்து கொடுப்பதால்தான் சிப்பி உடைவதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் வந்த நேரத்தில் பாஸ் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் மீட்டிங் முடிவில் அவர் கண்டுபிடித்த உண்மை, சிப்பியை அரைத்துப் பலகையில் போட்டால் பலகை உடையாது என்பது.

மறுநாளே லோரி சுங்கை செம்பிலாங்குக்குப் போனது. அந்தப் பக்கத்துக் கடல் உணவுக் கடைகளில் தின்றுவிட்டுப் போட்ட கெராங் என்கிற சின்ன மட்டியின் ஓடுகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பின்வாசலில் கொட்டினார்கள். பளபளக்கிற சிப்பியின் அமைப்பு வேறு, கெராங் ஓட்டின் அமைப்பு வேறு என்று நான் சொன்னேன். ஓடு ஓடுதான் என்றார் பாஸ். யாரும் கழுவி அனுப்பவில்லை. இரண்டு நாள் வெயில் பட்டதும் அது கிளப்பிய நாற்றத்தில் வாசல் காவல்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். பக்கத்துத் தாமான் குடியிருப்பு ஆட்கள் புகார் எழுதினார்கள். பாஸ் மட்டும் அந்தக் குவியலின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அரைத்த மாவைப் பிசினில் கலந்து பலகை போட்டார்கள். சாம்பல் நிறம், மழை நாளில் கருவாட்டு வாசம். பங்களாவை இடித்துப் பொடியாக்கி மூட்டை கட்டிக்கொண்டு வந்து, இந்தா பங்களா என்று நீட்டுவது மாதிரியான வேலை அது. சிப்பியின் பலம் அதன் அடுக்கில் இருக்கிறது, அடுக்கை அரைத்துவிட்டால் மிச்சம் சுண்ணாம்பு மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது பாஸ், அப்படியென்றால் நீங்களே அடுக்கிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். என் வாயை மூடுவதற்காகச் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

மதிய ஷிப்ட்டில் ஒரு சின்னப் பிரஸ் சும்மா கிடக்கும். அதில்தான் வேலை செய்தேன். அதே கெராங் மாவைக் கழுவிக் காயவைத்து மெல்லிய கெட்டித் தகடுகளாக அழுத்தினேன். தகடுகளை விரல்நகம் அளவுக்குச் சதுரங்களாகக் கீறி, ஒரு வரிசையின் கீறல்மேல் அடுத்த வரிசையின் நடு வரும்படி அடுக்கினேன். இடையிடையே, கார்க் கண்ணாடி உடைந்தாலும் கொட்டாமல் பிடித்துக்கொள்வதற்கு நடுவில் வைப்பார்களே, அந்த மாதிரி மிருதுவான பிளாஸ்டிக் படலம். ஐந்து பலகை குப்பைக்குப் போயின. ஆறாவது பலகை நின்றது.

அதை இரண்டு இரும்புச் சட்டத்தின்மேல் கிடத்தி, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஒன்றின் எடைக்கு மணல் மூட்டை கட்டி, ஃபோர்க்லிஃப்டில் முடிந்தவரை உயரத் தூக்கி விடச் சொன்னேன். மூட்டை விழுந்தது. பலகை தொய்ந்தது, வெளுத்தது, மேலே நூற்றுக்கணக்கில் மயிரிழை விரிசல்கள் விழுந்தன. ஒன்றுகூட மறுபக்கம் வரவில்லை. இரண்டாம் முறை போட்டோம், மூன்றாம் முறை போட்டோம். பலகை கோணிக்கொண்டு, பார்க்க அசிங்கமாக, ஒரே துண்டாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. படித்த படிப்பு என் கையால் ஒரு பொருளாக ஆனது அதுதான் முதல் தடவை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், பலகை வீணாகிவிட்டதே என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பாஸ் வந்து பார்த்தார். நொறுங்கிய அப்பளத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் என் பலகையைக் கொன்றது அவரில்லை. எங்கள் லைன் லீடர், பெரிய பிரஸ்களைப் பார்த்துக்கொள்பவர்.

அவர் நல்ல மனிதர், அதுதான் சிக்கல். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பிரஸ்களோடு வாழ்பவர். எங்கள் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, ஒட்டு விடுவது. அடுக்கு பிரிந்த பலகை திரும்பி வந்தால் அன்றைக்கு அவர் யாரோடும் பசியாறப் போகமாட்டார். வலது கட்டைவிரல் நகத்தை இதற்காகவே நீளமாக வளர்த்து வைத்திருப்பார். வெட்டிய பலகையின் ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே நகத்தை வைத்து அழுத்துவார். நுழைந்தால் ரிஜெக்ட், நுழையாவிட்டால் பலகை தேறியது. எந்த மெஷினும் அவருக்கு வேண்டாம். புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த நகச் சோதனையைத்தான்.

என் பலகையின் ஓரத்தில் நகத்தை வைத்தார். மிருதுவான படலமாயிற்றே, நகம் தாராளமாக நுழைந்தது. கெட்டுப்போன குழம்பைப் பரிமாறியவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். இது நுழைய வேண்டும் என்பதற்காகவே செய்தது என்று நான் விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையும் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் அலட்சியமாகத் திரும்பிவிட்டேன். நகத்தை வைத்துப் பொருளை அளக்கிற ஆளுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

மறுநாள் அவரே டெஸ்ட் ரூமுக்கு வந்தார். என் அளவுப்படி சதுரங்களை அடுக்கி, படலத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சமையல் மேடைக்குப் போடுகிற கெட்டிப் பிசினை ஊற்றி, சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டி, ஒரு முழுப் பலகை போட்டுக் கொண்டு வந்திருந்தார். என்னைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

“இப்ப நகத்த வச்சுப் பாருங்க மேடம்,” என்றார்.

நகம் நுழையவில்லை. பலகை தட்டையாக, பளபளப்பாக, ஓரம் ஒரே கல்லை வெட்டியது மாதிரி இருந்தது. வளைக்கும் மெஷினில் வைத்தேன். மெதுவாகப் பாரம் ஏற்றினால் என்னுடையதைவிட அதிகமாகத் தாங்கியது. பாஸ் ஓடி வந்து மெஷின் திரையில் வந்த எண்ணைப் படம் எடுத்தார். மெதுவாக ஏறும் பாரம் வேறு, திடீரென்று விழும் அடி வேறு, இதற்குள்ளே நகர்ந்து கொடுக்க எதுவும் இல்லை, பலமாக ஓர் அடி விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரி போகும் என்று சொன்னேன். மணல் மூட்டையை இதன்மேலும் போட்டுப் பார்ப்போம் என்றேன். ஒரே ஒரு நல்ல பலகை இருக்கிறது, அதையும் உடைக்க வேண்டுமா என்று கேட்டார் பாஸ்.

“ஒட்டு விடுற சாமான எவன் வாங்குவான்? நம்ம கம்பெனியே ஒட்டுற கம்பெனி லா,” என்றும் சொன்னார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் கம்பெனியில் வழக்கமாகச் செய்யும் அடிச் சோதனை ஒன்று உண்டு. ஒரு கோலியளவு இரும்புக் குண்டைக் கை உயரத்திலிருந்து போடுவது. சமையல் மேடைக்கு வைத்த சோதனை, கரண்டி விழுந்தால் தாங்குமா என்று பார்ப்பதற்கு. அதில் அந்தப் பலகை சுலபமாகத் தேறியது.

சோதனைத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. எழுதியிருந்த எண்கள் எல்லாம் உண்மை. கடைசி வரியில், பயன்பாடு என்ற இடத்தில், தோட்ட வாகனங்களின் மேற்கூரை என்று இருந்தது. அதைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். அதற்குக் கீழே என் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் டிசைனர் என்ற சொல்லும் அச்சாகியிருந்தன. பதினோரு வருடமாக டெக்னிஷியன் என்றே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சொல் இனித்தது. பேனாவை எடுக்கும்போது, எங்கேயோ ஒரு டிராக்டர், யாரோ ஓர் ஆள் என்று மனதுக்குள் ஓடியதும் நினைவிருக்கிறது.

நான்கு கூரை செய்து, கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சோதனைக்காக அனுப்பினார்கள். எந்தத் தோட்டம் என்று எனக்கு பாஸ் சொல்லவில்லை, அண்ணன் போன் செய்து சொன்னார். நான் பிறந்த தோட்டம். அண்ணன் அங்கே குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். அவர் என் அண்ணன் என்று தெரிந்துகொண்ட பாஸ், படம் எடுத்துப் போட வசதி என்று முதல் கூரையை அண்ணன் வண்டிக்கே ஒதுக்கியிருந்தார். மற்ற மூன்றும் இரண்டாவது டிவிஷன் வண்டிகளுக்கு.

செம்பனைக் காட்டில் டிராக்டர் ஓட்டுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரங்கள் வீட்டைவிட உயரம். கீழே ஒருவர் நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்று குலையை அறுப்பார். முள்ளும் கனமுமாக ஓர் ஆளின் பாதி எடைக்கு அது வந்து விழும். கூடவே மட்டையும் விழும். அறுக்கும்போது வண்டி தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். மழை வருவதற்குள் ஏற்றி முடிக்க வேண்டும் என்பது நடைமுறை. அதனால் வண்டி மரத்தடியிலேயே நிற்கும். அண்ணன் வண்டியின் பழைய தகரக் கூரை முழுக்கக் குழிகள், ஒவ்வொன்றும் அவர் தலைமேல் விழாமல் போன ஓர் அடி. தகரம் குழிந்தாலும் பிளக்கவில்லை.

அண்ணன் போனில் ஒரே குஷி. லயத்து வீடுகளில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடமும் சொல்லியாகிவிட்டது, தங்கச்சி டிசைன் செய்த கூரை என்று. அந்தக் கூரை வேண்டாம், பழைய தகரத்தையே மாட்டுங்கள் என்றேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்து எதிலாவது குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை, இப்போது சொந்தச் சாமானிலேயே கண்டுபிடிக்கிறேன் என்றார். கையெழுத்துத் தாளைக் கிராணி அவருக்குக் காட்டியிருக்கிறார். அண்ணன் என் பெயரைப் போனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறார். அதற்கு மேல் என்ன சொன்னாலும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பாஸிடம் போனேன். அந்தக் கூரையைத் திருப்பி வாங்குங்கள், விழுகிற குலையை அது தாங்காது என்றேன். அவர் போனைத் திறந்து அதே தாளை என் முகத்துக்கு நேராகக் காட்டி, இது யார் கையெழுத்து என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நியாயமான கேள்வியும் அதுதான்.

அப்போதுதான் தேங்காய் நினைவுக்கு வந்தது. புதுச் சாமான் எது வந்தாலும் வண்டிக்குப் பூசை போடாமல் அண்ணன் வேலைக்கு எடுக்க மாட்டார். பூசை என்றால் கடைசியில் தேங்காய் உடைக்க வேண்டும். எல்லாரும் தரையில் உடைப்பார்கள். அதைக் கூரையிலேயே உடைத்துக் காட்டினால் எப்படியிருக்கும், தேங்காய் சிதறும், கூரை அப்படியே நிற்கும், நல்ல வீடியோ என்று பாஸிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னபோது ஏறாத காதில் விளம்பரம் உடனே ஏறியது. எழுந்து நின்றுவிட்டார். பதினோரு வருடத்தில் நான் சொன்ன ஒரே நல்ல யோசனை என்றார்.

சனிக்கிழமை காலை தோட்டத்து டிராக்டர் ஷெட்டுக்குப் போனேன். பாஸ் எனக்கு முன்பே வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அண்ணனும் அண்ணியும் வண்டிக்கு மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கிராணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லயத்து ஆட்கள் கொஞ்சம் பேர். நான் பார்த்தது கூரையின் போல்ட்டுகளைத்தான். படத்துக்காக இரண்டு நாள் வண்டியை ஷெட்டைச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். பின்பக்க இடது மூலையில் போல்ட் துளையைச் சுற்றி, தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. வெறும் குலுக்கலுக்கே வந்த விரிசல்.

சூடம் காட்டி முடிந்தது. பாஸ் போனைத் தூக்கிப் பிடித்தார். தேங்காயைக் கூரையில் உடைக்கச் சொன்னதும் அண்ணன் தயங்கினார். சாமிக்குச் சுற்றியதைத் தரையில் உடைப்பதுதானே வழக்கம் என்றார். பாஸ் என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைப் பார்த்தார்.

“அந்தப் பின்மூலையில அடிங்கண்ணே,” என்றேன். “பயப்படாம ஓங்கி அடிங்க.”

அவர் டிரெய்லர்மேல் ஏறி நின்று, முருகா என்று சொல்லி, இரண்டு கையாலும் அடித்தார். தேங்காய் உடையவில்லை. கூரை உடைந்தது. போல்ட்டிலிருந்து கிளம்பிய விரிசல் ஒரே நொடியில் எதிர் ஓரம்வரை ஓடியது. ஒரு கை நீளத்துக்கு முக்கோணத் துண்டு ஒன்று பிரிந்து, கூர்முனை கீழாக, டிரைவர் சீட்டில் விழுந்து மெத்தையைக் கிழித்துக்கொண்டு நின்றது. முழுத் தேங்காய் உருண்டு போய் வடிகாலில் விழுந்தது.

அண்ணி அழ ஆரம்பித்தார். தேங்காய் உடையாமல் போனது அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். சாமிக்கே இந்தக் கூரை பிடிக்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் கற்ற பொருள் அறிவியலைப் பற்றி அங்கே ஒருவருக்கும் ஒரு கவலையும் இல்லை. அடித்த கோணம் சரியில்லை, தேங்காய் அடிப்பது அங்கீகரிக்கப்பட்ட சோதனை இல்லை, வீடியோவை யாரும் வெளியே விடக்கூடாது என்று பாஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிராணி எழுந்து தீர்ப்பு சொன்னார். பூசையில் தடங்கல் வந்த சாமான் இந்த வண்டிக்கு வேண்டாம், பழைய தகரத்தையே மாட்டுங்கள். என் பேச்சும் எண்களும் செய்யாததைத் தேங்காய் செய்துவிட்டது. பாஸ் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்து கோப்பி குடித்தேன். அன்றைக்கு அந்தக் கோப்பி ருசித்தது மாதிரி எதுவும் ருசித்ததில்லை. எத்தனை முட்டாள்களை ஒரே காலையில் ஜெயித்தேன் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பாஸ், லைன் லீடர், கிராணி, சகுனம் சொன்ன கூட்டம். அண்ணன் தலை தப்பியது. திங்கட்கிழமை வேலை போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் ஷெட்டிலிருந்து வந்தார். சீட்டில் குத்தி நின்ற துண்டைக் கையில் வைத்திருந்தார். அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார்.

“ஒடையும்னு ஒனக்குத் தெரியும்.”

தெரியும் என்றேன்.

“கையெழுத்து போடறப்பவே?”

அதற்கும் தெரியும் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். பாஸ், பிசின், நகம் என்று எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது. அவர் திட்டவில்லை. துண்டை மேசைமேல் வைத்துவிட்டு, மற்ற மூன்று கூரையும் எங்கே என்று கேட்டார்.

இரண்டாவது டிவிஷனில் மூன்று நாளாக ஓடுகின்றன என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது என் காதில் விழுந்தது. நான்கு கூரைக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். அந்த மூன்றையும் நான் மறக்கக்கூட இல்லை, நினைக்கவே இல்லை. அந்த டிவிஷனில் ஓட்டுபவர்கள் இந்தோனேசியாவின் லோம்போக்கிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் வண்டிக்கு யாரும் பூசை போடுவதில்லை, தேங்காய் உடைப்பதில்லை.

அண்ணன் எழுந்தார்.

“அவங்களுக்கெல்லாம் இங்க தங்கச்சி இல்ல,” என்றார்.

ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். வா என்று அவர் கூப்பிடவில்லை. நானாகப் பின்னால் ஏறிக்கொண்டேன். மண் ரோட்டில் அவர் ஓட்டிய வேகத்தில் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் இரண்டு பக்கமும் குலை விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணன் முதுகு இறுகியது எனக்குக் கையில் தெரிந்தது. யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. பாஸின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், லைன் லீடரின் நகத்தை நினைத்துப் பார்த்தேன். யாரும் உதவிக்கு வரவில்லை.

முதல் வண்டி ஒரு மரத்தடியிலேயே நின்றது. அதில் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் கழியைத் தூக்கி மேலே குறி பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மோட்டார்சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே, இறங்கு இறங்கு என்று மலாயில் கத்தினார். டிராக்டர் சத்தத்தில் உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தேன், கூரையில் ஒட்டியிருந்த அதே சின்னம் என் சட்டையிலும் இருந்தது.

அவர் கையை வெளியே நீட்டி, கூரையை இரண்டு தட்டுத் தட்டி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். “பாகுஸ், காக்,” என்றார். நல்லாயிருக்கிறது அக்கா என்று, எனக்கு நன்றி சொன்னார்.